கைகாட்டியின் எடை

முன்பின் பழக்கமில்லாத ஓர் ஊருக்குச் செல்கிறோம். இரவு தங்க இடம் வேண்டும். எந்த விடுதி நல்லது என்று யாரைக் கேட்பது? முன்பெல்லாம் வண்டிக்காரரைக் கேட்டார்கள். ரயில் நிலையத்துக் கடைக்காரரைக் கேட்டார்கள். இன்று கைப்பேசியில் ஊரின் பெயரையும் 'விடுதி' என்ற சொல்லையும் தட்டினால் போதும். கண் இமைக்கும் நேரத்தில் ஒரு பட்டியல் வந்து நிற்கிறது. முதலில் உள்ள ஐந்தாறு பெயர்களைப் பார்க்கிறோம். ஐம்பதாவது பெயர் வரை பொறுமையாகச் செல்பவர் அரிது.

முதலில் நிற்பது யார், ஐம்பதாவதாக நிற்பது யார் என்பதை முடிவு செய்வது எது? நமக்கு இது ஓர் இரவைப் பற்றிய கேள்வி. பத்து அறைகளை வைத்துக்கொண்டு விடுதி நடத்தும் ஒரு குடும்பத்திற்கோ இது பிழைப்பைப் பற்றிய கேள்வி. அறை தூய்மையாக இருந்தும், உணவு சுவையாக இருந்தும், பட்டியலில் பெயர் கீழே இருந்தால் அறைகள் காலியாகக் கிடக்கும். ஆகவேதான் தேடலில் மேலே வருவதற்கென்றே ஒரு தொழில் உலகெங்கும் வளர்ந்திருக்கிறது. மற்ற இணையதளங்கள் தம் தளத்தைச் சுட்டிக்காட்டும்படி செய்வது அத்தொழிலின் முக்கிய வேலை. ஒரு பக்கம் இன்னொரு பக்கத்தை இவ்வாறு சுட்டுவதை 'இணைப்பு' என்கிறோம். சாலை முனையில் நிற்கும் கைகாட்டி போன்றது அது.

கைகாட்டிக்கு எடை உண்டா? உண்டு என்கிறது கணிதம். அந்த எடையை விலைக்கு வாங்க முடியுமா? இவ்வினாவின் வரலாறு கணிப்பொறிக்கு மிகவும் முந்தியது. அதைத் தொடக்கத்திலிருந்து காண்போம்.

விளம்பரத்திற்கு இடமில்லை

ஜெர்மனியில் கோப்லன்ஸ் நகரில் 1827ஆம் ஆண்டு பதிப்பகம் தொடங்கியவர் கார்ல் பெடெக்கர். பயணிகளுக்கான கையேடுகளை வெளியிட்டு அவர் புகழ் பெற்றார். ஊர்களுக்குத் தாமே நேரில் சென்று பார்த்து எழுதுவது அவர் வழக்கம். சிறந்தவற்றுக்கு நட்சத்திரக் குறியிட்டுக் காட்டும் முறையும் அக்கையேடுகளால் பரவியது. அவருக்குப் பின் அந்நிறுவனம் வெளியிட்ட ஆங்கிலக் கையேடுகளின் முன்னுரையில் விடுதிக்காரர்களுக்கு ஓர் அறிவிப்பு இருக்கும். பயணிகளிடம் நேர்மையாக நடந்துகொள்வது ஒன்றே எங்கள் பாராட்டைப் பெறும் வழி; எவ்வகை விளம்பரத்திற்கும் இந்நூலில் இடமில்லை என்பது அதன் சாரம்.

இந்த அறிவிப்புக்கு ஏன் தேவை ஏற்பட்டது? கையேட்டில் பெயர் வந்தால் கூட்டம் வரும் என்பதை விடுதிக்காரர்கள் அறிந்துகொண்டனர். காசு கொடுத்தாவது அவ்விடத்தைப் பெறலாமா என்ற எண்ணம் அவர்களுக்கு எழுவது இயல்புதானே?

1900இல் பிரான்சில் மிஷலின் சகோதரர்கள் தம் கையேட்டை வெளியிட்டனர். அவர்கள் விற்றது டயர். மக்கள் காரில் அதிகம் சுற்றினால் டயர் தேயும். தேய்ந்தால் புதிது வாங்குவார்கள். அதற்காகவே விடுதி, பழுதுபார்க்கும் கடை முதலிய விவரங்களைத் திரட்டி, ஏறக்குறைய 35,000 படிகளை இலவசமாகக் கொடுத்தனர். 1920இல் கையேட்டிற்கு விலை வைத்தனர். அப்போதே காசு பெற்று வெளியிடும் விளம்பரங்களையும் நீக்கினர். 1926இல் உணவகங்களுக்கு நட்சத்திரம் வழங்கத் தொடங்கினர். விளம்பரம் போன பிறகே நட்சத்திரம் வந்தது என்பதைக் கவனியுங்கள்.

நூலகத்தில் பிறந்த எண்ணம்

இனி, விடுதியை விட்டுச் சிறிது நேரம் நூலகத்திற்குள் செல்வோம். இன்றைய தேடுபொறியின் விதை அங்கேதான் இருக்கிறது.

அறிவியல் கட்டுரை எழுதுபவர் தமக்கு முன் உழைத்தவர்களின் கட்டுரைகளைக் குறிப்பிடுவார். இதை மேற்கோள் என்கிறோம். 1927இல் கிராஸ் என்ற பெயர் கொண்ட இருவர் 'சயின்ஸ்' இதழில் ஒரு சிறு ஆய்வை வெளியிட்டனர். ஒரு கல்லூரி நூலகம் எந்தெந்த வேதியியல் இதழ்களை வாங்க வேண்டும் என்பது அவர்கள் கேள்வி. அமெரிக்க வேதியியல் கழக இதழின் ஓராண்டுத் தொகுதியில் எந்த இதழ் எத்தனை முறை குறிப்பிடப்படுகிறது என்று எண்ணினார்கள். அதிகம் குறிப்பிடப்படும் இதழ் முதலில் வாங்கத் தக்கது என்றார்கள்.

1955இல் யூஜின் கார்பீல்டு, அறிவியல் முழுமைக்கும் ஒரு மேற்கோள் அட்டவணை தேவை என்று அதே 'சயின்ஸ்' இதழில் எழுதினார். அமெரிக்க வழக்கறிஞர்களிடம் 1873 முதலே அத்தகைய ஓர் அட்டவணை இருந்தது. ஒரு தீர்ப்பைப் பின்வந்த எந்தெந்தத் தீர்ப்புகள் எடுத்துக்காட்டின என்பதை அது காட்டும். கார்பீல்டுக்கு அதுவே முன்மாதிரி. 1964 முதல் அவருடைய அறிவியல் மேற்கோள் அட்டவணை வெளிவரலாயிற்று.

ஆனால் எல்லா மேற்கோளும் சமமா? பலராலும் மதிக்கப்படும் இதழ் ஒன்று குறிப்பிடுவதும், யாரும் படிக்காத இதழ் ஒன்று குறிப்பிடுவதும் ஒன்றாகுமா? 1976இல் பின்ஸ்கி, நாரின் என்ற இருவர் இதற்கு விடை தந்தனர். குறிப்பிடும் இதழின் மதிப்பைப் பொறுத்தே அது தரும் மேற்கோளின் எடையும் அமைய வேண்டும் என்றனர். மதிப்பைக் கொண்டே மதிப்பைக் கணக்கிடுவது சுற்றி வளைப்பதாகத் தோன்றலாம். சமன்பாடுகளுக்கு அது கடினமே அல்ல என்பதைச் சற்று நேரத்தில் காண்போம்.

நூறு பயணிகள்

1989இல் ஜெனீவாவிலுள்ள செர்ன் ஆய்வுக்கூடத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ உலகளாவிய வலைக்கான திட்டத்தை முன்வைத்தார். 1993 ஏப்ரல் 30ஆம் நாள் செர்ன் அதை அனைவருக்கும் இலவசமாகத் திறந்துவிட்டது. பக்கங்கள் பெருகின. 1994இல் தொடங்கிய யாஹூ, மனிதர்களைக் கொண்டு தளங்களை வகைப்படுத்திப் பட்டியலிட்டது. 1995 இறுதியில் வந்த ஆல்டாவிஸ்டா, பக்கத்திலுள்ள சொற்களைக் கொண்டு தேடியது. சொற்களை மட்டும் நம்பினால் என்ன ஆகும்? வெள்ளைப் பின்னணியில் வெள்ளை எழுத்தால் 'விடுதி, விடுதி, விடுதி' என்று நூறு முறை எழுதி வைத்துவிடலாம். மனிதர் கண்ணுக்குத் தெரியாது, கணிப்பொறியோ ஏமாந்துவிடும். அப்படியே பலர் செய்தனர்.

இந்நிலையில்தான் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் லாரி பேஜ், செர்கெய் பிரின் என்ற இரு ஆய்வு மாணவர்கள் மேற்கோள் எண்ணும் வழக்கத்தை வலைக்குக் கொண்டுவந்தனர். ஒரு பக்கம் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்வதைக் காட்டிலும், பிற பக்கங்கள் அதைச் சுட்டுவதே நம்பத் தக்கது என்பது அவர்கள் கருத்து. 1998இல் அவர்கள் வெளியிட்ட கட்டுரை 2 கோடியே 40 இலட்சம் பக்கங்களைக் கொண்ட தேடுபொறியை விவரித்தது. அதுவே கூகுள். அவர்கள் கணக்கிட்ட எடைக்குப் 'பேஜ்ரேங்க்' என்று பெயர்.

அதன் உட்பொருளை ஒரு சிறு உலகத்தைக் கொண்டு விளங்கிக்கொள்வோம். அதில் மூன்றே பக்கங்கள்: ஓர் ஊரைப் பற்றிய பக்கம், ஒரு விடுதி, ஓர் உணவகம். ஊர்ப் பக்கம் விடுதியையும் உணவகத்தையும் காட்டுகிறது. விடுதி ஊர்ப் பக்கத்தைக் காட்டுகிறது. உணவகம் விடுதியைக் காட்டுகிறது. இவ்வுலகில் 100 பயணிகள் ஓயாமல் நடக்கிறார்கள். ஒவ்வொரு மணி அடிக்கும்போதும், தாம் நிற்கும் பக்கத்திலுள்ள கைகாட்டிகளுள் ஒன்றைக் கண்ணை மூடித் தேர்ந்தெடுத்து அப்பக்கத்திற்குச் செல்கிறார்கள்.

நெடுநேரம் கழித்து எங்கே எத்தனை பேர் இருப்பார்கள்? ஊர்ப் பக்கத்தில் 40, விடுதியில் 40, உணவகத்தில் 20. சரிபார்த்துக்கொள்ளுங்கள். மணி அடிக்கிறது. ஊர்ப் பக்கத்திலுள்ள 40 பேரில் 20 பேர் விடுதிக்கும் 20 பேர் உணவகத்திற்கும் போகிறார்கள். விடுதியிலிருந்த 40 பேரும் ஊர்ப் பக்கத்திற்கு வருகிறார்கள். உணவகத்திலிருந்த 20 பேரும் விடுதிக்குப் போகிறார்கள். மீண்டும் 40, 40, 20! ஆட்கள் மாறினாலும் எண்ணிக்கை மாறவில்லை. மூடிய குடுவையில் நீர் ஆவியாவதும் ஆவி நீராவதும் சமமாக நடக்கும் நிலையைப் பாடத்தில் படித்திருப்பீர்கள். இதுவும் அத்தகைய இயங்கு சமநிலையே. இந்த எண்களே பக்கங்களின் எடை.

இங்கே ஒன்று காண்க. ஊர்ப் பக்கத்தைக் காட்டும் கைகாட்டி ஒன்று. உணவகத்தைக் காட்டும் கைகாட்டியும் ஒன்று. ஆனால் எடையோ 40, 20. கைகாட்டிகளின் எண்ணிக்கையைப் போலவே அவை எங்கே நிற்கின்றன, ஒரே இடத்திலிருந்து எத்தனை திசைகளைக் காட்டுகின்றன என்பதும் கணக்கில் சேர்கிறது.

இரண்டு ஓட்டைகள்

இப்போது விடுதிக்காரர் ஒரு தந்திரம் செய்கிறார். ஊர்ப் பக்கத்தைக் காட்டுவதை நிறுத்திவிட்டு உணவகத்தை மட்டும் காட்டுகிறார். உணவகமோ முன்போலவே விடுதியைக் காட்டுகிறது. என்ன நடக்கும்? அவ்விரண்டுக்கும் இடையில் சிக்கிய பயணி வெளியே வரவே முடியாது. சிறிது நேரத்தில் 100 பேரும் அங்கேயே சுழல்வார்கள். ஊர்ப் பக்கத்தின் எடை பூஜ்யமாகும்.

இதைத் தடுக்க பேஜும் பிரினும் ஒரு விதி சேர்த்தனர். ஒவ்வொரு மணிக்கும் 85 விழுக்காட்டினர் கைகாட்டியைப் பின்பற்றுவர். மீதி 15 விழுக்காட்டினர் சலித்துப்போய், வலையிலுள்ள ஏதோ ஒரு பக்கத்திற்குத் தாவுவர். இவ்விதியால் சிக்கியவர்கள் விடுதலை பெறுகின்றனர். ஊர்ப் பக்கத்திற்கும் 5 பேர் கிடைக்கின்றனர். ஓட்டை முழுதும் அடைபடவில்லை என்றாலும் கணக்கு நிலைகுலையாமல் நிற்கிறது.

ஆனால் ஓர் ஓட்டையைச் சிறிதாக்கியது இன்னோர் ஓட்டையைத் திறந்தது. தாவுகிறவர்கள் எந்தப் பக்கத்திலும் வந்து விழலாம் அல்லவா? அப்படியானால் யாரும் சுட்டாத வெற்றுப் பக்கத்திற்கும் சிறிது எடை கிடைக்கும். நம் உணவகக்காரர் ஏழு போலிப் பக்கங்களை உருவாக்குகிறார் என்போம். மொத்தம் 10 பக்கங்கள். தாவும் 15 பேரில் ஒவ்வொரு போலிப் பக்கத்திற்கும் சராசரியாக 1.5 பேர் வருவர். அவர்களில் 85 விழுக்காட்டினரை அப்பக்கங்கள் உணவகத்திற்கே அனுப்பும். ஏழு பக்கங்களும் சேர்ந்து ஏறக்குறைய 9 பேரை ஒவ்வொரு மணிக்கும் உணவகத்திற்குள் தள்ளும். ஒருவர் கூட உணவகத்தைப் பாராட்டவில்லை. ஆயினும் எடை கூடிவிட்டது! இத்தகைய பக்கக் கூட்டங்களுக்கு 'இணைப்புப் பண்ணை' என்று பெயர். பண்ணையில் ஆயிரக்கணக்கான பக்கங்களை வளர்த்து, அவற்றின் கைகாட்டிகளை விற்போர் தோன்றினர்.

எண்ணுக்கு வந்த விலை

2000 டிசம்பரில் கூகுள் ஒரு கருவிப்பட்டையை வெளியிட்டது. எந்தப் பக்கத்தின் எடை எவ்வளவு என்பதை அது 0 முதல் 10 வரையிலான அளவில் பச்சைக் கோடாகக் காட்டியது. பயனுள்ள வசதி என்றே பலர் எண்ணினர். ஆனால் எடை கண்ணுக்குத் தெரிந்தவுடன் அதற்கு விலை பிறந்தது. 'ஆறு' எடையுள்ள பக்கத்தில் ஒரு கைகாட்டி இன்ன விலை என்று சந்தை நடந்தது. பொதுக் காட்சியிலிருந்து அவ்வெண்ணை 2016இல் கூகுள் நீக்கிவிட்டது.

இது ஒரு பொது விதியின் ஓர் எடுத்துக்காட்டு. 1975இல் பொருளியல் அறிஞர் சார்லஸ் குட்ஹார்ட் பணக் கொள்கையைப் பற்றி எழுதும்போது இத்தகைய கருத்தைக் கூறினார். ஓர் அளவையே இலக்காகக் கொண்டுவிட்டால், அந்த அளவு நல்ல அளவாக இராது என்பது அக்கருத்தின் சுருக்கம். வெப்பமானி காய்ச்சலை அளக்கும். பள்ளிக்கு விடுமுறை வேண்டும் சிறுவன் அதை வெந்நீரில் முக்கி எடுத்தால், பாதரசம் உயரும், காய்ச்சல் இராது. பாதரசத்தின் விரிவு விதியில் பிழையில்லை. அளவுக்கும் அளக்கப்படும் பொருளுக்கும் இருந்த தொடர்புதான் அறுந்துவிட்டது.

தேடுபொறிகள் சும்மா இருக்கவில்லை. 2005 ஜனவரியில் கூகுள், யாஹூ, மைக்ரோசாப்ட் ஆகிய மூன்றும் சேர்ந்து ஒரு குறியை ஏற்றன. அக்குறியிட்ட கைகாட்டிக்கு எடை கொடுக்கப்படாது. 2012 ஏப்ரல் 24ஆம் நாள் கூகுள், 'பெங்குவின்' என்ற மாற்றத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்து, செயற்கையான இணைப்புகளால் உயர்ந்த தளங்களைக் கீழிறக்கியது. பெரிய நிறுவனங்களும் இச்சுழலுக்குத் தப்பவில்லை. விடுதி அறைகளைப் பதிவு செய்து தரும் எக்ஸ்பீடியா, காசு கொடுத்து இணைப்புகளைப் பெற்றதாக ஒரு குற்றச்சாட்டு எழுந்தது. அதையடுத்து 2014 ஜனவரியில், கூகுள் தேடலில் அத்தளம் தென்படும் அளவு ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு குறைந்துவிட்டதாக ஓர் அளவீட்டு நிறுவனம் அறிவித்தது. எக்ஸ்பீடியாவின் பங்கு விலையும் சரிந்தது.

இடையில் நிற்பவர்

சிறு விடுதிகளின் நிலை என்ன? 1996இல் அமெரிக்காவில் எக்ஸ்பீடியாவும் நெதர்லாந்தில் புக்கிங் நிறுவனமும் தொடங்கின. எண்ணற்ற விடுதிகளைத் தம் தளத்தில் சேர்த்தன. எண்ணற்ற கைகாட்டிகளும் அவற்றை நோக்கித் திரும்பின. பத்து அறை விடுதியின் தளம் அந்த எடைக்கு முன் நிற்க முடியுமா? எனவே விடுதிக்காரர் அத்தளங்களில் தம் பெயரைச் சேர்க்கிறார். அதற்குத் தரகு உண்டு. 15 விழுக்காடு என்று வைத்துக்கொண்டால், 2,000 ரூபாய் அறையில் 300 ரூபாய் இடையில் நிற்பவருக்குச் செல்லும்.

அதே நேரத்தில் அவற்றால் நன்மையே இல்லை எனவும் கூற முடியாது. 2009இல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் வெளியான ஓர் ஆய்வு நான்கு விடுதிகளைச் சோதித்தது. எக்ஸ்பீடியாவில் பெயர் இருந்த காலங்களில், அத்தளம் அல்லாத பிற வழிகளில் வந்த பதிவுகளும் 7.5 முதல் 26 விழுக்காடு வரை உயர்ந்தன. அங்கே பெயரைக் கண்டவர்கள் விடுதியை நேரடியாக நாடினர் எனலாம்.

இணைப்பைப் போன்ற இன்னொரு கைகாட்டி, விருந்தினர் எழுதும் மதிப்புரை. டிரிப்அட்வைசர் 2000இல் தொடங்கியது. 2011இல் ஹார்வர்டைச் சேர்ந்த மைக்கேல் லூகா, சியாட்டில் நகர உணவகங்களை ஆராய்ந்தார். எல்ப் தளத்தில் ஒரு நட்சத்திரம் கூடினால், தனித்து நடத்தப்படும் உணவகத்தின் வருவாய் 5 முதல் 9 விழுக்காடு உயர்ந்தது. ஊர் ஊராகக் கிளைகள் கொண்ட உணவகங்களுக்கு இவ்விளைவு காணப்படவில்லை. அவற்றின் பெயர் முன்பே அறிமுகமானது. அறிமுகம் இல்லாதவருக்கே பிறருடைய சொல் அதிகம் உதவுகிறது.

உதவும் இடத்தில் ஏமாற்றும் நுழைகிறது. 2017இல் ஊபா பட்லர் என்ற ஆங்கில எழுத்தாளர், இல்லாத ஓர் உணவகத்தை டிரிப்அட்வைசரில் பதிந்தார். இலண்டனில் டல்விச் பகுதியில் தம் வீட்டுக் கொட்டகையே உணவகம் என்றார். நண்பர்கள் பொய்யான மதிப்புரைகளை எழுதினர். சில மாதங்களில், இலண்டன் உணவகங்களின் பட்டியலில் அது முதலிடம் பெற்றது! ஒரு வேளை உணவு கூட அங்கே பரிமாறப்பட்டிருக்கவில்லை.

2014இல் மெய்ஸ்லின், டோவர், ஷெவாலியே ஆகியோர் விடுதிகளின் மதிப்புரைகளை இரு தளங்களில் ஒப்பிட்டனர். ஒன்றில் யாரும் எழுதலாம். மற்றதில் பணம் கட்டித் தங்கியவரே எழுத முடியும். போலி மதிப்புரையின் தடயங்கள் யாரும் எழுதக்கூடிய தளத்தில்தான் மிகுதியாகக் காணப்பட்டன. 2022 நவம்பரில் இந்தியத் தரநிர்ணய அமைவனம் இணைய மதிப்புரைகளுக்கென ஒரு தரத்தை வெளியிட்டது. 2024இல் அமெரிக்க அரசு, போலி மதிப்புரைகளை வாங்குவதையும் விற்பதையும் தடை செய்தது.

எடை எங்கிருந்து வருகிறது?

இவ்வரலாற்றைக் கூர்ந்து நோக்கினால் ஓர் உண்மை தெரியும். காட்டுகிறவர் தம் பெயரைப் பணயமாக வைக்கும்போதுதான் கைகாட்டிக்கு எடை வருகிறது. மோசமான விடுதியைப் பெடெக்கர் புகழ்ந்திருந்தால் அடுத்த நூல் விற்றிருக்காது. தவறான கட்டுரையை மேற்கோள் காட்டும் ஆய்வாளரின் கட்டுரையும் சேர்ந்து விழும். பணம் கட்டித் தங்கியவரின் சொல்லில் அவருடைய பணமும் இரவும் அடங்கியிருக்கின்றன. பண்ணையில் விளைந்த கைகாட்டி எதையும் பணயம் வைக்கவில்லை. ஆகவே அதன் எடை, கண்டுபிடிக்கப்படும் வரைதான்.

சிறு விடுதி நடத்துவோருக்கு இதில் பாடம் உண்டு. தம் தளத்தில் முகவரி, அறை வாடகை, பேருந்து நிலையத்திலிருந்து தொலைவு, அருகில் காணத்தக்கவை முதலியவற்றைப் பிழையின்றி எழுதலாம். ஊரைப் பற்றிய தளங்கள், திருவிழாக் குழுக்கள், அருங்காட்சியகங்கள், உள்ளூர் இதழ்கள் ஆகியவை தாமாகவே சுட்டும்படி பயனுள்ள செய்திகளைத் தரலாம். இலவசமாகத் தங்க வைத்து அதற்கு ஈடாக இணைப்புக் கேட்பதையும் விலை கொடுத்து வாங்குவதாகவே கூகுளின் விதிகள் கருதுகின்றன. அவ்வாறு பெற்ற இணைப்பைக் குறியிட்டுக் காட்ட 2019 முதல் தனிக் குறியே உள்ளது.

2024 முதல் கூகுள், செயற்கை நுண்ணறிவைக் கொண்டு விடையையே தொகுத்துத் தருகிறது. அதுவும் பிறர் எழுதியதிலிருந்தே கற்றுக்கொள்கிறது. எழுதியவர் யார், அவர் எதைப் பணயம் வைத்தார் என்ற கேள்வியை அங்கும் கேட்டே ஆகவேண்டும்.

மாணவர்களுக்கு ஒரு கணக்கு. நம் மூன்று பக்க உலகின் முதல் அமைப்பை எடுத்துக்கொள்ளுங்கள். தாவும் விதி வேண்டாம். விடுதி இப்போது ஊர்ப் பக்கத்தையும் உணவகத்தையும் சேர்த்தே காட்டுகிறது, மற்றவை முன்போலவே. பயணிகள் 90 பேர். சமநிலையில் எங்கே எத்தனை பேர்? ஊர்ப் பக்கத்தில் 20, விடுதியில் 40, உணவகத்தில் 30 என்று விடை வரவேண்டும். பழைய அமைப்பில் இதே 90 பேர் எவ்வாறு பிரிந்திருப்பார்கள் என்பதையும் கணக்கிட்டு ஒப்பிடுங்கள். லாபம் அடைந்தவர்கள் யார், அந்த லாபம் யாரிடமிருந்து வந்தது என்பது உங்களுக்கே விளங்கும்.